மேசன் நூலால் அடித்த மழை

மழைப் படம் முடிந்துவிட்டது. 36 அங்குல உயரம், 24 அங்குல அகலம், ஹார்ட்போர்ட் மேல் அக்ரிலிக். இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவின் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டப் பாதையில் ஒரு சின்னப் பாலம், அதில் கொழுந்து மூட்டையோடு நாலு பெண்கள், மேலே கறுத்த வானம், எல்லாவற்றுக்கும் முன்னால் மழை. இதை எப்படிச் செய்தேன் என்று சிலர் கேட்டார்கள், முக்கியமாக அந்த மழைக்கோடுகளை. அதனால் நடந்த ஒழுங்கில் எழுதிவைக்கிறேன். மலைநாட்டில் படம் வரைகிற தம்பி தங்கச்சிகளுக்கு ஏதாவது உதவும்.

இதற்கு ஆரம்பம் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் ஒரு படம். 1857இல் ஜப்பானில் அச்சடித்தது. எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்தின் காட்சிகளை வரிசையாகச் செய்தாரே, அதில் ஒன்று: ஷின்-ஓஹாஷி பாலத்தில் திடீரென்று மழை பிடித்துக்கொள்கிறது, ஆட்கள் குடையையும் பாயையும் தலைக்குப் பிடித்துக்கொண்டு குனிந்து ஓடுகிறார்கள், ஆற்றில் ஒருவர் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போகிறார், அந்தக் கரை சாம்பல் நிழலாக மட்டும் தெரிகிறது. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படம், உயரம் 34 சென்ரிமீற்றர் அளவில்தான். மழையைக் கோடு கோடாகப் போட்டும் அது மழையாகவே தெரிகிறதே, அது எப்படி என்று ரொம்ப நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதுவரை மழை வரைந்ததெல்லாம் சாம்பல் நிறத்தை ஈரத்தோடு இழுத்துவிட்டுத்தான். தூரத்தில் பார்த்தால் புகை மாதிரித்தான் இருக்கும்.

முதலில் பிரதி பண்ணினேன். இதைத் தாண்டிப்போக வேண்டாம் என்று சொல்வேன், ஏனென்றால் பார்த்து ரசிப்பதில் பிடிபடாத விஷயங்கள் கையால் செய்யும்போதுதான் பிடிபடுகின்றன. ஹட்டன் டவுனில் ஏ3 தாளில் கலர் பிரின்ட் எடுத்தேன், அசல் அளவிலேயே. அதில் உயரத்தை 12 ஆகவும் அகலத்தை 8 ஆகவும் பிரித்துக் கட்டம் போட்டேன். மிச்சமிருந்த ஹார்ட்போர்ட் துண்டில் 18க்கு 12 அங்குலம் எடுத்து, ஒன்றரை அங்குலக் கட்டம் போட்டுப் பெருப்பித்தேன். போர்டு எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த முறைதான். டச்சு ஓவியர் வான் கோவும் இதையேதான் செய்திருக்கிறார்: ஒரு பத்திரிகை அட்டையில் வந்த ஜப்பானியப் பெண் படத்தை ஒற்றியெடுத்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கி எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். இந்த மழைப் பாலத்தையும் அவர் 1887இல் பாரிசில் பிரதி செய்தார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிரதி செய்யும்போது முதலில் தெரிந்தது வேலை ஒழுங்கு. அந்தப் படத்தில் மழை இல்லாமலே எல்லாம் முடிந்திருக்கிறது. பாலத்துப் பலகை, குடை, மனிதர்களின் கால், ஆற்று நீலம், எல்லாம் முழுசாக, தெளிவாக இருக்கின்றன. மழை அதற்கு மேல் தனியாக வருகிறது. மரக்கட்டை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை செதுக்குவார்கள். மழைக்கு மட்டும் இரண்டு கட்டைகள், இரண்டிலும் கோடுகளின் சாய்வு கொஞ்சம் வித்தியாசம். ஒன்றின் மேல் ஒன்றாக அடிக்கும்போது கோடுகள் அங்கங்கே வெட்டிக்கொள்கின்றன. அதில்தான் காற்று வருகிறது. ஒரே சாய்வில் போட்டுப் பார்த்தேன், வேலிக்கம்பி மாதிரி நிற்கிறது. இரண்டாவது சாய்வைச் சேர்த்ததும் அசைய ஆரம்பித்துவிட்டது. இதை நூறு தடவை பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாவது, அதில் மட்டமான கோடே இல்லை. பாலம் ஒரு பக்கம் சாய்கிறது, தூரக் கரை எதிர்ப்பக்கம் சாய்கிறது. நம் மலைகளில் எங்கே மட்டக்கோடு இருக்கிறது? தேயிலை வரிசை சாய்வு, தண்ணீர்க் கான் சாய்வு, லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) கூரைகூட ஒன்றுக்கு ஒன்று கீழே இறங்கித்தான் இருக்கும். அப்படியிருந்தும் நான் வரைந்த பழைய படங்கள் எல்லாவற்றிலும் நடுவில் ஒரு மட்டமான கோடு ஓடுகிறது, கலண்டர் படங்களில் இருப்பது போல. எடுத்து அடுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மூன்றாவது, மேலே இருக்கிற கறுப்பு. அச்சடிக்கிறவர் ஈரக் கட்டையில் மையைக் கையால் தேய்த்து மேலே கடுமையாகவும் கீழே மெல்லியதாகவும் விடுகிறார். ஒவ்வொரு தாளிலும் அது கொஞ்சம் மாறும். நான் அக்ரிலிக்கில் அதைப் பிடிக்க, பலகையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, கறுப்பும் பிரஷ்யன் புளூவும் கலந்து மேல் ஓரத்தில் வைத்து, அகலமான காய்ந்த பிரஷால் கீழே இழுத்தேன். சமவெளியில் அக்ரிலிக் உடனே காய்ந்துவிடும் என்பார்கள். இங்கே ஜூனில் அந்தக் கவலை கிடையாது, காற்றே ஈரம், நிதானமாக இழுக்கலாம்.

சரி, சொந்தப் படம்.

பலகைக்கு 3 மில்லிமீற்றர் ஹார்ட்போர்ட், பின்னால் 2க்கு 1 அங்குல ரீப்பை (மெல்லிய மரத்துண்டு) அடித்துச் சட்டம். மழைக்காலத்தில் ஹார்ட்போர்ட் ஈரத்தை இழுத்து வில்லாக வளையும். முன்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் கட்டாயம் வளையும். அதனால் இரண்டு பக்கமும் வெள்ளை எமல்சன், ஓரங்களுக்கு இரண்டு கோட் அதிகம். முன்பக்கம் இரண்டு கோட்டுக்கு நடுவில் 220 நம்பர் உப்புத்தாள் தேய்த்தேன். ரொம்ப வழுவழுப்பாகத் தேய்க்க வேண்டாம், கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் காய்ந்த பிரஷ் வேலை பிடிக்கும்.

அமைப்புக்குப் பென்சிலில் போட்ட முதல் படம் ஹிரோஷிகேயின் பாலத்தைத் தூக்கிவந்து மஸ்கெலியாவில் வைத்தது போல இருந்தது. பாலத்தில் ஆட்கள் குனிந்து ஓடுகிறார்கள், கையில் குடை. அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். முப்பது வருசத்துக்கு மேல் மலையில் கொழுந்தெடுத்தவர். "இவங்க யாருடா ஓடுறவங்க? கொழுந்த முதுகுல வச்சுக்கிட்டு, நனைஞ்ச பலகைல, யாரு ஓடுவா? ஓடுனா வழுக்கி ஆத்துலதான் கெடக்கணும்" என்றார். குடையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு கையும் கொழுந்துக்கு, குடை பிடிக்கிறது எந்தக் கையி?" என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் படம் என்னுடையதாக மாற ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். அந்த எடோ மழை நகரத்து மழை. திடீரென்று பிடிக்கிறது, ஓடி ஒதுங்கினால் விட்டுவிடும். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குக் காற்றோடு மஸ்கெலியா, நோர்வூட், கினிகத்தேனைப் பக்கம் வருகிற மழைக்கு ஒதுங்கி என்ன பண்ணுவது? அது நாள் முழுக்கப் பெய்யும். காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகும்போதும் பெய்யும், கொழுந்து நிறுவைக்கு வரும்போதும் பெய்யும். அந்த மழையில் நடக்கிறவர்களின் உடம்பு வேறு. அவசரம் இல்லை, பாரம் இருக்கிறது. தலையிலிருந்து முதுகுக்கு இறங்குகிற கயிறு கழுத்தை முன்னால் தள்ளுகிறது, கால் அகலமாக, பாதம் முழுசாகப் பதிந்து வருகிறது. அம்மாவை வாசலில் சாக்கோடு நடக்கச் சொல்லிப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். மழைக்குத் தலையோடு போர்த்துகிற கம்பளிக் கொங்காணி போட்ட காலம் போய் இப்போது பொலித்தீன், உர பேக்கை வெட்டித் தைத்தது, கூடார விரிப்பில் மிச்சமான நீலத் துண்டு இதெல்லாம்தான். அதனால் நாலு பேருக்கு நாலு நிறம் கிடைத்தது: மங்கின மஞ்சள், நீலம், வெள்ளை, ஒன்று கறுப்பு. ஹிரோஷிகே குடைகளையும் பாயையும் வைத்துச் செய்கிற வேலையை, அதாவது சாம்பலுக்கு நடுவில் கண்ணை நிறுத்துகிற வேலையை, இங்கே பொலித்தீன் செய்கிறது.

தூரக் கரைக்கு மவுசாகலையின் அந்தப் பக்கத்து மலை. தண்ணீர் குறைகிற காலத்தில் பழைய மஸ்கெலியாவின் கோயில் மிச்சங்கள் வெளியே வரும், எங்கள் ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். இந்தப் படத்துக் காலத்தில் எல்லாம் தண்ணீருக்குள். அந்தக் கரையை ஒரே சாம்பலில், உள்ளே எந்த விவரமும் இல்லாமல் விட்டேன். முன்னெல்லாம் நான் தேயிலைத் தூரை ஒவ்வொன்றாக உருட்டி நிழல் போடுவேன். இதில் மலைக்கு மூன்று நிறம்தான், பக்கத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று. தூர்களுக்குப் பதில் வரிசைகளின் சாய்வை மட்டும் போட்டேன். தண்ணீருக்குப் பிரஷ்யன் புளூ. ஹிரோஷிகே காலத்து அச்சுக்காரர்களும் இந்த நீலத்தைத்தான் அள்ளிப் பயன்படுத்தினார்கள், ஐரோப்பாவிலிருந்து வந்த நிறம். டியூப்பிலிருந்து அப்படியே வைத்தால் எல்லாவற்றையும் தின்றுவிடும். பருப்பளவு எடுத்து வெள்ளையோடு கலக்கினாலே போதும்.

இவ்வளவும் முடித்து, நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் கலந்து அடிக்கிற தெளிந்த வார்னிஷ் ஒரு கோட் அடித்துக் காயவிட்டேன். இது ஏன் என்றால், மேலே போடுகிற மழை பிடிக்காவிட்டால் அது காய்வதற்கு முன் ஈரத் துணியால் துடைத்து எடுக்கலாம், கீழே உள்ள படத்துக்கு ஒன்றும் ஆகாது. இந்த ஒரு கோட் இல்லாவிட்டால் படம் போயிருக்கும்.

மழைக்கோடு. பிரதியில் லைனர் பிரஷையும் அடிமட்டத்தையும் வைத்துச் சமாளித்தேன், 18 அங்குலத்துக்கு அது வேலை செய்கிறது. 36 அங்குலத்துக்கு முடியாது. நடுவில் பெயின்ட் தீர்ந்துபோகிறது, திரும்பத் தொட்டு வைக்கிற இடத்தில் முடிச்சு விழுகிறது, அடிமட்டத்துக்கு அடியில் பெயின்ட் ஓடிவிடுகிறது. அடிமட்டத்துக்குக் கீழே ஐந்து ரூபா நாணயக் குற்றி ஒட்டித் தூக்கிப் பார்த்தேன், ஓடுவது நின்றது, முடிச்சு நிற்கவில்லை. கோடு கொஞ்சம் நடுங்கினாலும் அது மழை இல்லை, கீறல்.

எங்கள் லயத்தில் மூன்றாவது காம்பராவில், அதாவது மூன்றாவது வீட்டில், ஒரு மேசன் பாஸ் (கொத்தனார்) இருக்கிறார். வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு எதுக்கு பிரஷ்? நூல் அடிச்சுப் பாருங்க" என்றார். சுவருக்கும் தரைக்கும் நேர்க்கோடு வேண்டுமென்றால் நூலை நிறத்தூளில் தோய்த்து இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து நடுவில் தூக்கி விடுவார்களே, அதே வேலை. இதில் தூளுக்குப் பதில் பெயின்ட்.

அதுதான் வழி. ஆனால் பதம் பிடிக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டும், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

நைலோன் நூல் ஆகாது, பெயின்ட் அதில் நிற்காமல் மணி மணியாக உருண்டுவிடும். பருத்தி நூல் வேண்டும். மேசன் நூல் தடிப்பு அதிகம், கோடும் தடிக்கிறது. சாக்குத் தைக்கிற பருத்தி நூல் முன்மழைக்கு (பக்கத்தில் விழுகிற மழைக்கு), சாதாரணத் தையல் நூலை இரட்டையாக முறுக்கியது பின்மழைக்கு (தூர மழைக்கு). பெயின்டை வடித்த கஞ்சிப் பதத்துக்குக் கரைத்து ஒரு தட்டில் ஊற்றி, நூலை அதில் இழுத்து எடுத்து, இரண்டு விரலால் ஒரு தரம் உருவிவிட வேண்டும். உருவாமல் அடித்தால் சொட்டும். இரண்டு தரம் உருவினால் கோடு விழாது.

பலகையைத் தரையில் படுக்கவைத்தேன். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் படத்தைவிட நீளமான ரீப்பைத் துண்டு இரண்டு வைத்து அதில் பென்சிலால் குறித்தேன். முன்மழைக்குக் கீழ்க் குறி மேல் குறியிலிருந்து 5 அங்குலம் தள்ளி, பின்மழைக்கு 8 அங்குலம் தள்ளி. இரண்டும் ஒரே பக்கம் சாய வேண்டும், அளவு மட்டும் மாற வேண்டும். குறிகளுக்கு நடுவில் இடைவெளியைச் சமமாக விடக் கூடாது, கால் அங்குலம், முக்கால், அரை என்று கலந்து விட வேண்டும். மேல் முனையைப் பாஸ் பிடித்தார், கீழ் முனை என் இடது கையில், நடுவில் வலது கையால் ஓர் அங்குலம் நேராக மேலே தூக்கி விட்டேன். பக்கவாட்டில் இழுத்து விட்டால் கோடு இரட்டையாக விழுகிறது.

நூலை முதல் தடவை தட்டும்போது கோடு கடுமையாக, ஓரத்தில் மிக நுண்ணிய தெறிப்போடு விழுந்தது. அந்தத் தெறிப்பு பிரஷால் எந்தக் காலத்திலும் வராது. அதே நூலை மறுபடி தோய்க்காமல் அடுத்த குறியில் தட்டினால் பாதி அழிந்த கோடு. அது தூர மழை. அதனால் பின்மழை முழுவதையும் இப்படி இரண்டாம் தடவை தட்டுவதிலேயே போட்டேன், நிறம் வெளிர் சாம்பல். முன்மழைக்குப் பிரஷ்யன் புளூவும் எரித்த அம்பரும் (கடும் தவிட்டு நிறம்) கலந்த கடும் நிறம்.

ஒரு சிக்கல்: நூல் பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போகிறது, எல்லாக் கோடும் ஒரே நீளம். மழை அப்படி விழாது. பழைய பேப்பரைக் கையால் கிழித்து, கிழிந்த ஓரம் வெளியே தெரிகிற மாதிரி அங்கங்கே பரப்பி, அதற்கு மேல் தட்டினேன். பேப்பரை எடுத்தால் கோடு பாதியில் மெல்ல நின்றுவிடுகிறது. பெண்களின் முகத்துக்கு மேல் கோடு விழாமல் இருக்கவும் இதுவே உதவியது. ஹிரோஷிகே முகம் என்று பார்க்கவில்லை, அவருடைய ஆட்கள் குடைக்குள்ளும் பாய்க்குள்ளும் மறைந்திருக்கிறார்கள். எனக்கு இந்த நாலு பேரின் முகமும் தெரிய வேண்டும். இதில் நான் அவரைப் பின்பற்ற மாட்டேன்.

கோடு முடிந்ததும் இன்னொன்று குறைந்தது. நம் மழையில் கோடு மட்டும் இல்லை, மூட்டமும் வருகிறது. மழைக்கு நடுவிலேயே பள்ளத்திலிருந்து எழும்பி வந்து மலையைப் பாதியில் மறைக்கும். வெள்ளையில் நிறையத் தண்ணீர் சேர்த்து, ஸ்பொஞ்சால் பாலத்துக்குக் கீழே பள்ளத்தில் மட்டும் ஒற்றினேன், மழைக்கோடுகளுக்கு மேலேயே. ஹிரோஷிகேயின் ஒழுங்கில் மழைதான் கடைசி. என் ஒழுங்கில் மூட்டம் கடைசி. அதைச் செய்த பிறகுதான் படம் மஸ்கெலியா ஆனது.

வான் கோவுக்கு வருகிறேன். 1887இல் அவர் செய்த பிரதியைப் பார்த்தால் நிறமெல்லாம் அசலைவிடப் பளீரென்று இருக்கும், சுற்றி ஓரத்தில் வேறு அச்சுகளிலிருந்து எடுத்த ஜப்பானிய எழுத்துகள். அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை. அவரும் தம்பி தியோவும் பாரிசில் நூற்றுக்கணக்கில் ஜப்பானிய அச்சுகள் சேர்த்திருந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. 1889இல் பிரான்சில் சான்-ரெமி மனநல விடுதியின் ஜன்னலிலிருந்து தெரிந்த கோதுமை வயலில் மழை பெய்வதை வரைகிறார். 1890 ஜூலையில், சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஓவேர் கிராமத்து வயலில் மழை. இரண்டிலும் பாலம் இல்லை, குடை இல்லை, எழுத்து ஓரம் இல்லை, ஜப்பான் என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆனால் மழை சாய்ந்த கோடாகப் படத்தை வெட்டிக்கொண்டு போகிறது. தடித்த எண்ணெய் வண்ணத்தில், கையின் வேகம் தெரிகிற கோடு. பிரதி செய்தபோது கைக்குள் போனது, அவர் தன் கண்முன் இருந்த வயலை வரைந்தபோது அவருடையதாக வெளியே வந்திருக்கிறது. நடுவில் இரண்டு மூன்று வருசம். ஒரு படத்தை விரும்பினால் அதன் சாமான்களை எடுத்துக்கொள்ள அவசரப்படுகிறோம், குடை, பாலம், அந்த நிறம். எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் எதை எந்த ஒழுங்கில் முடிவு செய்தார் என்பதைத்தான். நான் இதை உறுதியாக நம்புகிறேன், இந்தப் படத்தில் கையால் பார்த்தும் விட்டேன்.

செலவு, என் கணக்கில்: ஹார்ட்போர்ட் முழுத் தகடு வாங்கினால்தான் தருவார்கள், அதில் இந்தப் படத்துக்குப் போனது 700 ரூபா அளவுக்கு. ரீப்பை 600, எமல்சன் சின்ன வாளி வாங்கினதில் பாதிகூடப் போகவில்லை. அக்ரிலிக் டியூப்களில் புதிதாக வாங்கினது பிரஷ்யன் புளூவும் அம்பரும்தான், இரண்டும் 1,300. வார்னிஷ் 950. உப்புத்தாள், ஸ்பொஞ்ச், பிரின்ட் எல்லாம் சேர்த்து 500. நூல் 120. அதிகப் பயன் கொடுத்தது அந்த 120தான்.

அடுத்த தடவை மாற்றப்போவது சில. ஹார்ட்போர்டுக்குப் பதில் 6 மில்லிமீற்றர் பிளைவுட், இரண்டு பக்கம் அடித்தும் கீழ் மூலை கொஞ்சம் தூக்கிவிட்டது. நூலை ஒவ்வொரு பத்துக் கோட்டுக்கும் கழுவ வேண்டும், காய்ந்த பெயின்ட் சேர்ந்து விறைத்துவிடுகிறது, கடைசிக் கோடுகள் சிலவற்றில் அது தெரிகிறது. நூல் முனையைப் பிடிக்க ஆள் இல்லாத நேரத்துக்கு ரீப்பையில் ஆணி அடித்துக்கொண்டால் தனியாகவும் செய்யலாம் என்று பாஸ் சொல்கிறார். ஆனால் ஆணியில் கட்டினால் இழுவை ஒரே மாதிரி இருக்கும், கோடுகளும் ஒரே மாதிரி விழும். ஆளை வைத்தே செய்யப் போகிறேன்.

அடுத்த படம் பண்டாரவளைப் பக்கம், வடகீழ்ப் பருவ மழை. அங்கே மழை இவ்வளவு சாய்ந்து வராது, நான் பார்த்த வரை நேராக இறங்கும். முன்மழைக்கு 1 அங்குலம், பின்மழைக்கு 2 அங்குலம் தள்ளிக் குறித்து ஒரு துண்டுப் பலகையில் அடித்து வைத்திருக்கிறேன். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் படத்துக்குக் கீழே போய்விடுகிறது. இடைவெளியை இன்னும் நெருக்கிப் பார்க்க வேண்டும்.